அரை ஷேடு

துளசிமணியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது நாச்சிமுத்துவுக்குக் கிடைத்தது அவளுடைய வலது கன்னம் மட்டும்தான். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நர்ஸ் ஒருத்தி சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள், லிஃப்ட் வாசல்வரை இவரும் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நடந்தார், கதவு திறந்ததும் குனிந்து, "அஞ்சே நிமிசம், இங்கியேதான் நிப்பேன்" என்றார், அவள் ம் என்றாள், ம் என்றபடியே தலையை இடப்பக்கம் திருப்பி இடது கன்னத்தைத் தலையணைக்குள் அழுத்திப் புதைத்துக்கொண்டாள். கதவு மூடிவிட்டது. அவர் அங்கேயேதான் நின்றார். ஐந்து நிமிஷம் முக்கால் மணி ஆயிற்று, வேறொரு நர்ஸ் படியில் இறங்கி வந்து "துளசிமணி வீட்டுக்காரர் யாருங்க" என்று கேட்டாள், அந்தக் கேள்வியின் நிதானத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. இன்றைக்கு எழுபத்திரண்டாவது நாள். நர்ஸ் சொன்னதோ, டாக்டர் சொன்னதோ, வீட்டுக்கு எப்படி வந்தோம் என்பதோ அவ்வளவாக நினைவில் இல்லை, தலையணை அமுங்கியது மட்டும் வந்துகொண்டே இருக்கிறது, பல் தேய்க்கும்போது வருகிறது, பஸ்ஸில் சில்லறை எடுக்கும்போது வருகிறது. ஊருக்கு மறைக்கலாம். போட்டோ எடுக்க வந்தவனுக்கு மறைக்கலாம். முப்பத்தெட்டு வருஷம் ஒரே பாயில் கிடந்த எனக்கா.

"சார், இங்க பாருங்க சார், சிரிங்க" என்றாள் கடைப்பெண். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் அபிநயா என்று இருந்தது. குமரன் ரோட்டில் மாடியில் இருக்கிற போன் கடை, மத்தியானம் இரண்டரை மணி, வேறு ஆள் இல்லை, ஏசி குளிரில் முழங்கால் வலித்தது. அவர் சிரிக்கவில்லை, அதற்குள் எடுத்துவிட்டாள். போனைத் திருப்பிக் காட்டினாள். கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார், பின்னால் அலமாரியெல்லாம் மங்கிப்போய், முன்னால் அவர் மட்டும் கல்யாண மாப்பிள்ளை போல. அவர் முதலில் பார்த்தது தன் முகத்தை அல்ல, ஓரத்தில் விழுந்திருந்த அவளுடைய சட்டைக் கையை. நீலம். நேரில் இருக்கிற நீலத்துக்கும் போனில் இருக்கிற நீலத்துக்கும் அரை ஷேடு வித்தியாசம். "கலர் கூட இருக்குதே கண்ணு" என்றார். அவளுக்குப் புரியவில்லை. நாற்பத்தொரு வருஷம் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் சாய மாஸ்டராக இருந்தவர், பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி, எந்த நிறத்தில் எது எவ்வளவு கலந்தால் எது வரும் என்பது பார்த்துப் பார்த்து வந்ததுதான், இந்த மனுஷனிடம் நீலத்தைக் காட்டி ஏமாற்ற முடியுமா. "நெஜத்தவிட நல்லா வரும் சார், அதுக்குத்தானே இந்த வெலை" என்று அவள் சிரித்தாள். ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம். அப்புறம்தான் தன் கழுத்தைப் பார்த்தார். வலது காதுக்குக் கீழே, பட்டறையில் ஆவி அடித்து வெந்த தழும்பு, உள்ளங்கை அகலம், படத்தில் இல்லை. தொட்டுப் பார்த்துக்கொண்டார், இருந்தது. "இது எங்க போச்சு?" "அதெல்லாம் தானா க்ளீன் பண்ணிரும் சார்." தானாக. யாரும் கேட்காமல். இதே மாதிரிதான், இதே மாதிரிதான் அவளையும் க்ளீன் பண்ணியிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மகள் சுகந்தி கோயமுத்தூரிலிருந்து சட்டம் போட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். துணியை நீக்கி மாலை போட்டார்கள், வந்த சனமெல்லாம் "அப்படியே சிரிச்சுட்டு இருக்கறா பாரு" என்றது. அவருக்கு ஒரு நிமிஷம் யாரென்றே பிடிபடவில்லை. நேருக்கு நேர் பார்க்கிறாள், இரண்டு கன்னமும் தெரிகிறது, இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை இறங்கியிருக்கும் வெண்திட்டு இல்லை. ஒரே நிறம், வெண்ணெய் தடவின மாதிரி. ஸ்டுடியோக்காரன் வேலை என்று நினைத்துக்கொண்டார், கேட்கவில்லை, சாவு வீட்டில் அதையா கேட்பது. நேற்றுத்தான் கேட்டார். சுகந்தி முதலில் மழுப்பினாள், அப்புறம் அழுதாள். "அம்மாதானுங்ப்பா கேட்டாங்க. உன்ர போன்ல எடுத்தா இது தெரியாதாமா கண்ணு, ஒண்ணு எடுத்து வெச்சுக்க, எனக்கு ஏதாச்சும் ஆனா இதையே மாட்டுங்க, உங்கப்பங்கிட்டச் சொல்லாதன்னாங்க." எப்போது? போன வருஷம் தை மாதம், பேரனுக்குக் காதுகுத்து என்று நாலு நாள் முன்னதாகவே போனாளே, அப்போது. முறுக்கு மாவு இடிக்க ஆள் இல்லை, நான் முன்னாடி போறேனுங் என்றாள். போ என்று இவரே பஸ் ஏற்றிவிட்டார். தாயும் மகளும் மொட்டை மாடியில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள், அவர் இங்கே தனியாக ரசஞ்சோறு தின்றுகொண்டிருந்தார். சொல்லாதே என்றாளாம். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் சொல்லாமல் விட்டது என்ன, சம்பளம் தெரியும், சீட்டுப் போட்டது தெரியும், பட்டறையில் எவனோடு சண்டை என்பது தெரியும். சுகந்திதான் அதையும் சொன்னாள், அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "நெஜமான படம் அதுக்கு அடியிலயே இருக்குமுங்ப்பா, அதே கம்பெனிப் போன்ல போட்டு அமுக்குனா பழையபடி வந்துரும், என்ர போன் தண்ணில உழுந்து போச்சு, யாருதாச்சும் வாங்கிப் பாக்கட்டுங்களா?" வேண்டாம் என்றார். எவனோ ஒருத்தன் போனில் அவளைத் திறந்து பார்ப்பதா, அவன் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவதா. பார்த்தால் என் போனில் பார்க்கிறேன். அதற்குத்தான் வந்தது. இல்லாவிட்டால் அறுபத்தெட்டு வயசில் எவனுக்கு வேண்டும் இந்தக் கண்ணாடித் துண்டு.

பார்த்தே ஆகவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைச் சுகந்தியிடம்கூடச் சொல்லவில்லை. போன வாரம் மத்தியானம் படுத்துக் கண்ணை மூடினார், துளசிமணி வந்தாள், வெண்ணெய் தடவின முகத்தோடு வந்தாள். எழுந்து உட்கார்ந்துவிட்டார். திட்டின் கோட்டை மனசுக்குள் போட்டுப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே அகலம், அப்புறம் ஒரு வளைவு, அப்புறம் காதுப்பக்கம் போகுமா மூக்குப்பக்கம் போகுமா. பதறிவிட்டார். மறுபடி படுத்தார், மறுபடி அதே முகம். சட்டத்துக்குள் இருப்பவள் மெதுவாக மற்றவளைத் தின்றுகொண்டிருக்கிறாள். ஆளுக்கு ஆள் தெரிந்த முகமா அது, அவருக்குத்தான் தெரியும், அரிசி அளவிலிருந்து தெரியும். அப்போது சுகந்திக்கு ரெண்டு வயசு, துளசிமணி அடுப்படி வடக்கு ஜன்னலில் நின்றுகொண்டு, "ஏனுங், இங்க வாங்க, கண்ணுக்குக் கீழ என்னமோ வெள்ளையா தெரியற மாதிரி இருக்குது, இருக்குதுங்களா?" என்றாள். அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். வடக்கு வெளிச்சத்தில்தான் நிறம் நிறமாகத் தெரியும், துணியும் அங்கேதான் பார்ப்பார்கள். தெரிந்தது. சுற்றியிருந்த நிறத்திலிருந்து அரை ஷேடு வெளுத்து, அரிசி அளவு, ஓரம் இன்னும் பிரியவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமே இல்லையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் மூச்சை விட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள். நல்லதுக்குத்தானே சொன்னேன், வேறு என்ன சொல்லியிருக்க முடியும், ஆமாம் இருக்கிறது என்றா. அப்புறம் அது மொச்சைக்கொட்டை அளவானபோது, "இப்ப தெரியுதுங்களா?" என்றாள், "எனக்கு ஒண்ணும் தெரியல போ" என்றார். ஒரு தடவை இல்லை என்று சொன்னவன் அப்புறம் எப்படி இருக்கிறது என்பான். அது மூன்று திட்டாகப் பரவி ஒன்றாகச் சேர்ந்த வருஷம் பட்டறையில் சிவப்புத் துணி லாட் ஒன்று, இருநூறு கிலோ, அரை ஷேடு தப்பியிருந்தது, அவர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நின்றார். "யோவ் மாஸ்டரே, வாங்கற வெள்ளக்காரனுக்கே தெரியாதுய்யா" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியுதுங்களே" என்றார் இவர். திரும்பச் சாயம் ஏற்றினார்கள். அந்தக் கதையைத் துளசிமணி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், பால்காரரிடம், சம்பந்தி வீட்டில், காய்ச்சலுக்கு ஊசி போட்ட நர்சிடம், "எங்க ஊட்டுக்காரரு கண்ணு தப்பவே தப்பாது." அதைச் சொல்லும்போது இவரைப் பெருமையாகப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தவள். திட்டு தெரியவில்லை என்று இவர் சொன்னதை அவள் நம்பவே இல்லை, அதுதான் விஷயம், மேலுக்குச் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு உள்ளுக்குள் இந்த ஆள் பொய்யன் என்று வைத்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறாள், இல்லாவிட்டால் எதற்கு அந்தப் படம். கடைசி ஒரு வருஷம் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாளே, ஃபேன் காத்து வரல என்று, அதற்கப்புறம் அவர் பக்கம் அந்தக் கன்னம் வந்ததே இல்லை. ஃபேன் என்று நம்பி மெக்கானிக்கைக் கூட்டிவந்தாரே, மடையன்.

"செல்ஃபி எப்படி வருதுன்னு பாக்கறீங்களா சார்?" என்று அபிநயா மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவருக்கு இடப்பக்கம்தான் இடம் இருந்தது, வலப்பக்கம் தூண். அவள் தூணுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒடுங்கி வலப்பக்கமே வந்து நின்றாள். "எனக்கு இந்தப் பக்கந்தான் சார் நல்லா வரும், அந்தக் கன்னம் பூராப் பரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, முகத்தை லேசாக அவர் பக்கம் திருப்பி, கண்ணை மேலே தூக்கி அவரைப் பார்ப்பது போல வைத்துக்கொண்டு, போனை நீட்டினாள். அவர் திரையைப் பார்த்தார். அந்தச் சாய்வு. அந்தச் சாய்வை முப்பது வருஷமாகத் தெரியும், வீட்டு ஆல்பத்தில் ஏடு ஏடாக அதுதான், சுகந்தி சடங்கில், கல்யாணத்தில், பழனி அடிவாரத்தில். பெண்டாட்டி இடப்பக்கம் நிற்பதுதான் முறை, கல்யாண போட்டோக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார், "அம்மா, ஐயாவுக்கு எடப்பக்கம் வாங்க, அதுதான் ஐதீகம்." "எங்க ஊட்டுல இப்படித்தானுங்" என்று வலப்பக்கமே வந்து நின்றாள், முகத்தை அவர் தோள் பக்கம் திருப்பி அவரையே பார்த்தாள். அவருடைய தங்கை எல்லார் முன்னாலும் கேட்டாள், "ஏனுங் நங்கை, எந்தப் போட்டோவப் பாத்தாலும் எங்கண்ணனையே பாத்துட்டு நிக்கறீங்க, ஓடிப்போயிருவாருன்னு காவலா?" சனமெல்லாம் சிரித்தது, துளசிமணியும் சிரித்தாள், அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளே இனித்துக்கொண்டும் இருந்தது. எத்தனை வருஷம் அந்த இனிப்பு. பட்டறையில் ஆவிக்குள் நின்று கண் எரியும்போது, முதலாளி திட்டும்போது, வீட்டில் நமக்கென்று ஒருத்தி இருக்கிறாள், ஊரே கேமராவைப் பார்க்கும்போது நம்மைப் பார்க்கிறாள். இந்தப் பெண் பருவை மறைக்கிறது. அவள் திட்டை மறைத்தாள். அவ்வளவுதான். தோள் ஒரு மறைப்பு, நான் ஒரு மறைப்பு, துணி காயப்போடும் கொடிக்கம்பம் நின்றிருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பாள். அந்த ஆல்பத்தில் ஒரு படத்திலாவது அவள் என்னைப் பார்த்தாளா. ஒன்றிலாவது. "சார், நல்லா இல்லீங்களா?" என்றாள் அபிநயா. "நல்லாத்தான் இருக்குது கண்ணு."

போனை எடுத்துக்கொள்வது என்று அப்போது முடிவு செய்தார். கோபத்தில்தான் செய்தார். முப்பது வருஷமாக எல்லாரிடமும் மறைத்து, கடைசியில் என்னிடமும் மறைத்து, பொய்யாக ஒரு முகத்தைச் சுவரில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள், அதைத் திறக்கிறேன், என் போனில் என் பெண்டாட்டியின் முகத்தை நான் திறக்கிறேன், யார் கேட்பது. உடனே இன்னொரு குரல், அவள் வேண்டாம் என்றதைத்தானே திறக்கிறாய். திறக்கிறேன். அவளே மறைத்ததை. ஆமாம். வங்கி அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அபிநயா முகம் மலர்ந்து, கறுப்பா வெள்ளையா என்றாள், ஏதாச்சும் என்றார், அப்புறம் கேட்டார், "கண்ணு, இந்தப் போன்ல முகத்தை சுத்தம் பண்ணி எடுத்த படம், அதுக்கு அடியில நெஜமான படம் இருக்குமாமே, அமுக்குனா வருமா?" அவள் யோசித்தாள். நல்ல பெண், பொய் சொல்லவில்லை. "எடுத்ததுக்கப்புறம் மாத்தியிருந்தா வரும் சார். மொதல்லயே முகத்தை சுத்தம் பண்ற ஆப்புல வெச்சு எடுத்திருந்தா வராது. அது எடுக்கறப்பவே அப்படித்தான் எடுக்கும், அடியில ஒண்ணும் இருக்காது. எப்படி எடுத்தாங்கன்னு கேட்டுப் பாருங்க சார்."

சுகந்தியைக் கூப்பிட்டார். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. எடுத்தப்புறம் மாத்துனியா, எடுக்கறப்பவே அப்படி எடுத்தியா என்று கேட்டார். "கண்ணு, உன்னத்தான்." "ரெண்டு எடுத்தேனுங்ப்பா" என்றாள் மெதுவாக. "மொதல்ல சும்மா ஒண்ணு எடுத்தேன். அம்மா அதக் கையில வாங்கிப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. வெய்யில்ல அப்படியே பளிச்சுன்னு இருந்துச்சு. அப்புறம், இத அழிச்சுரு, தெரியாத மாதிரி எடுன்னாங்க. நான் அந்த ஆப்புல வெச்சு எடுத்தேன். அடியில இருக்கும்னு நெனச்சனுங்ப்பா..." குக்கர் மறுபடி கத்தியது. "வேற என்ன சொன்னா?" என்றார். எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை. "வேண்டாமுங்ப்பா." "சொல்லு." "ஊரு கண்ணுக்குத்தான் இது இத்தன பெருசு, உங்கப்பன் கண்ணுக்கு மட்டும் ஒண்ணுமே தெரியலேன்னு இத்தன வருசம் நெனச்சுட்டு இருந்துட்டன் கண்ணு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், கண்ணாடி பொய் சொல்லும் அவரு கண்ணு சொல்லாதுன்னு, அவருகிட்ட மட்டும் மூஞ்சிய மறைக்காம இருந்துட்டன், இப்படி இருக்கறது அவருக்குத் தெரியாமயா இருந்திருக்கும், அரை ஷேடு பாக்கற மனுசன்னு சொல்லி..." சுகந்தி நிறுத்தினாள். "சொல்லி?" "பைத்தியக்காரியா இருந்திருக்கறனேன்னு சிரிச்சாங்கப்பா. அழுவல. சிரிச்சாங்க." கடையின் ஏசி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நம்பியிருக்கிறாள். முப்பத்துமூன்று வருஷம் நம்பியிருக்கிறாள், கண்ணாடியை விட்டுவிட்டு என் கண்ணை நம்பியிருக்கிறாள், நானோ அவள் நம்பவில்லை என்று வைத்துக்கொண்டேன். அடுப்படியில், பாயில், தலைக்குக் குளித்து ஈரத்தோடு வாசலில் நிற்கும்போது, என் பக்கம் அந்தக் கன்னத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாளே, அது அத்தனையும் நான் சொன்ன ஒரு வார்த்தைமேல் நின்றது. அந்த மொட்டை மாடியில் அது போயிற்று. திரும்பி வந்து ஒரு வருஷம், காலையில் காப்பி கொடுத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் பொய் சொன்னீங்க என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. என்ன சொல்லியிருப்பேன்.

"அது வெள்ளையே இல்ல கண்ணு" என்றார் போனில், குரல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அபிநயா நிமிர்ந்து பார்த்தாள். "வெளுக்காத துணி இருக்குதல்ல, கோரா, அந்த நெறம். ஓரத்துல மட்டும் ரோஸ் ஓடும், வெய்யில்ல நின்னா ஏறும், மார்கழில எறங்கிப் போயிரும். தாடைகிட்ட வளைஞ்சு காதுக்குத்தான் போவும், மூக்குக்கு இல்ல. உங்கம்மா தூங்கறப்ப நான் பாப்பேன். தெனமும் பாப்பேன். எனக்கு அது..." என்றார். அந்தப் பக்கம் சுகந்தி அழுதாள். "இத அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமுங்ப்பா" என்றாள். ஆமாம் என்றார். அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தார்.

"வெள்ளையே எடுத்து வைக்கட்டுங்களா சார்?" என்றாள் அபிநயா, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு. "வேண்டாங் கண்ணு, செரமம் குடுத்துட்டேன்" என்று அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் முகம் வாடியது, அதற்கு அவர் ஒன்றும் செய்ய முடியாது. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே ரோட்டில் வெய்யில் இன்னும் தணியவில்லை, பனியன் மூட்டை ஏற்றின வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. துளசிமணியின் இடது கன்னம் உள்ளபடியே இருக்கிற படம் எங்கும் இல்லை, அதை அரிசி அளவிலிருந்து தினமும் பார்த்தவர்களில் இப்போது இருப்பது நாச்சிமுத்து ஒருவர்தான்.